குழந்தைகளோடு பாரிஸா? தாராளமாக வாருங்கள்!

"பெரியம்மா, பத்து நாள் லீவு கிடைச்சிருக்கு. ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு பாரிஸுக்கு வரேன். பார்க்க வேண்டிய இடம்னு முப்பத்திரண்டு எழுதி வச்சிருக்கேன்!"

என் தங்கை மகள் போனில் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. வயிற்றில் கொஞ்சம் புளியையும் கரைத்தது. பெரியவனுக்கு ஆறு வயது. சின்னவளுக்கு இரண்டு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. ஆகவே இரண்டு வாலுகளையும் இவள் ஒருத்திதான் கட்டி மேய்க்க வேண்டும்.

"முதல்லே அந்த லிஸ்டைப் பாதியாக் கிழி. மிச்சத்தை இன்னும் ஒரு தடவை பாதியாக் கிழி. எட்டு இடம் போதும்" என்றேன்.

"என்ன பெரியம்மா, இவ்வளவு பணம் செலவழிச்சு வந்துட்டு..." என்று இழுத்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். பிறந்தது விழுப்புரம். வாழ்க்கைப்பட்டது புதுச்சேரியில். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த சமயம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களில் என் புகுந்த வீடும் ஒன்று. அந்த வழியில் 1994-ல் நாலு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பாரிஸில் வந்து இறங்கினேன். இப்போது முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடங்களில் இரண்டு, அழுதுகொண்டே கற்றவை. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

காய்ச்சலும் ஒரு வணக்கமும்

வந்த மூன்றாவது வாரம். ராத்திரி முழுக்க என் பெண்ணுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அவர் விடியற்காலை வேலைக்குப் போய்விட்டார். குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, பச்சைச் சிலுவை விளக்கு எரியும் ஒரு மருந்துக் கடைக்கு ஓடினேன். கவுன்ட்டரில் நின்ற அம்மாளிடம், மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பிரெஞ்சு வார்த்தைகளைக் கொட்டினேன். "காய்ச்சல்! குழந்தை! மருந்து!"

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, நிதானமாக, "போன்ழூர், மதாம்" என்றார்.

நான் மறுபடியும், "காய்ச்சல்!" என்றேன்.

அவரும் மறுபடியும், "போன்ழூர், மதாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழந்தை நெருப்பாய்க் கொதிக்கிறது, இவளுக்கு வணக்கம் ஒரு கேடா! ஒரு வழியாக மருந்தை வாங்கிக்கொண்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துகீசிய அம்மாள் வாசலில் நின்றிருந்தார். முக்கால்வாசி ஜாடையிலேயே நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீ போன்ழூர் சொன்னாயா?" என்று மட்டும் கேட்டார்.

புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அந்த வார்த்தை தெரியாமலா இருக்கும்? வார்த்தை தெரியும்; அதன் கனம்தான் தெரியவில்லை. நம் வீட்டுக்கு ஒருத்தர் வந்து, 'சௌக்கியமா?' என்றுகூடக் கேட்காமல், 'காபி கொண்டா' என்றால் நமக்கு எப்படி இருக்கும்? இங்கே கடைக்குள் காலை வைப்பதும் ஒரு வீட்டுக்குள் நுழைகிற மாதிரிதான். முதலில் "போன்ழூர்". பெண்களுக்கு "மதாம்", ஆண்களுக்கு "முஸியே". பொழுது சாய்ந்தால் "போன்ஸ்வார்". புறப்படும்போது "மெர்சி, ஓ ருவார்". பஸ் ஏறும்போது டிரைவருக்குக்கூட ஒரு போன்ழூர் உண்டு.

மறுநாள் அதே கடைக்குப் போய், வாசலிலேயே "போன்ழூர், மதாம்" என்றேன். அதே அம்மாள் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எடை மேடையில் நிறுத்தினார். எத்தனை மணிக்கு ஒரு தடவை, எவ்வளவு மருந்து என்று விரல் விட்டுக் காட்டினார். 'பாரிஸ் ஜனங்கள் திமிர் பிடித்தவர்கள்' என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு நாள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

இன்னொரு விஷயம். இங்கே காய்ச்சல் மாத்திரைகூட மருந்துக் கடையில்தான் கிடைக்கும். பல்பொருள் அங்காடியில் கிடையாது. பாராசிட்டமாலுக்கு இங்கே வழக்கத்தில் உள்ள பெயர் டோலிப்ரான். 2020 முதல் அதைக் கடையில் நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். குழந்தைகளுக்கான மருந்தின் அளவு குழாயில் வயசு இருக்காது, கிலோதான் போட்டிருக்கும். ஆகவே புறப்படுமுன் குழந்தையின் எடையைப் பார்த்து ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு மூடிய அந்த நிமிஷம்

இரண்டாவது பாடம், அதே வருஷம் குளிர்காலத்தில். சாயங்காலம், ஒரு பெரிய மெட்ரோ ஸ்டேஷன், நல்ல கூட்டம். என் இரண்டு கையிலும் காய்கறிப் பை. ரயில் கதவு மூடப்போகிறது என்று ஊதல் ஒலித்தது. பெண் பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்து உள்ளே தாவினேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே அவள் முகம். ரயில் நகர்ந்துவிட்டது.

நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, ஒரு விரலைக் காட்டினாள். 'ஒன்று, அடுத்த ஸ்டேஷன்' என்று அர்த்தம். அங்கே இறங்கி, படியேறி ஓடி, எதிர்ப்பக்கம் இறங்கி, திரும்புகிற ரயிலைப் பிடித்தேன். மொத்தம் ஏழெட்டு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால், விட்ட இடத்தில் அவள் இல்லை!

அவள் என்னைத் தேடிக்கொண்டு படியேறிப் போயிருக்கிறாள். மேலே, வெளியே போகும் வழியில், ஒரு கிழவியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னும் பத்து படி ஏறியிருந்தால் தெரு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை சில்லிட்டுப் போகும்.

போர்த்துகீசிய அம்மாள் அன்று சொன்னதை நான் மறக்கவே இல்லை. "ஓடாதே என்று மட்டும் குழந்தைக்குச் சொன்னால் போதாது. தொலைந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிக் கொடு." மெட்ரோவுக்கு விதி இதுதான். பிளாட்பாரத்தில் நிற்பவர் நகரக் கூடாது. ரயிலுக்குள் இருப்பவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வர வேண்டும். ஒருவேளை ரயிலுக்குள் இருப்பது குழந்தையாக இருந்தால், அது அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். அம்மா அடுத்த ரயிலில் வருவாள். இதை வீட்டிலேயே, இரண்டு நாற்காலி போட்டு ரயில் விளையாட்டாக நாலு தடவை ஆடிக் காட்டுங்கள்.

மெட்ரோவா, பஸ்ஸா?

பாரிஸ் மெட்ரோ 1900-ல் தொடங்கியது. வயசுக்கேற்ற மாதிரி எங்கு பார்த்தாலும் படிகள்! பழைய ஸ்டேஷன்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. 1998-ல் வந்த 14-ஆம் நம்பர் லைனில் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு. தள்ளுவண்டிக் குழந்தை இருந்தால், மடிக்கக் கூடிய லேசான வண்டியாகக் கொண்டு வாருங்கள். கூடியவரை பஸ்ஸில் போங்கள். பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டே போகலாம். 69-ஆம் நம்பர் பஸ் ஈஃபல் கோபுரத்தின் பக்கத்திலிருந்து லூவர் மியூசியம், பஸ்தீய் என்று ஊரையே சுற்றிக் காட்டிவிடும். கைடு வேண்டாம், தனிக் கட்டணம் வேண்டாம்.

டிக்கெட் விஷயம்: 2025 ஜனவரியில் கட்டணத்தை மாற்றி, மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் 2.50 யூரோ, பஸ்ஸுக்கும் டிராமுக்கும் 2 யூரோ என்று வைத்தார்கள். அவ்வப்போது சில காசு கூடும். நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். 'நவிகோ' என்ற அட்டையில் பயணங்களை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு வார பாஸ் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டும்தான். வெள்ளிக்கிழமை வந்து இறங்கிவிட்டு வார பாஸ் வாங்கினால், அது அடுத்த திங்கள் முதல்தான் செல்லும். வெளியே வரும்வரை டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பரிசோதகர் பிடித்தால் அபராதம். எஸ்கலேட்டரில் வலது பக்கம் நில்லுங்கள். இடது பக்கம் அவசரக்காரர்களுக்கு.

கைப்பை முன்பக்கம், ஜிப் போட்டு இருக்கட்டும். தெருவில் 'உங்கள் மோதிரமா இது?' என்று பொன் மோதிரம் நீட்டுபவர், அட்டையில் கையெழுத்து கேட்கும் பெண்கள், கையில் கயிறு கட்ட வருபவர், எல்லாரும் ஒரே ரகம்தான். நிற்காமல் நடந்துவிடுங்கள்.

தண்ணீர், பாத்ரூம், பசி

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவளுக்குக் கோபுரமும் ஓவியமும் அப்புறம்தான். இந்த மூன்றும்தான் முதலில்.

தண்ணீரை விலை கொடுத்து வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். தெருவில் நாலு பெண் சிலைகள் தாங்கி நிற்கும் பச்சை வார்ப்பிரும்பு ஊற்றுகளைப் பார்ப்பீர்கள். 1872-ல் ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் தம் பணத்தில் வைத்துக் கொடுத்தவை. நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் மாதிரி! போர்க்காலத்தில் தண்ணீருக்குத் தவித்த ஏழைகளுக்காக வைத்தது, இன்றைக்கும் குடிக்கலாம். குளிர்காலத்தில் மட்டும் உறைந்துவிடும் என்று மூடி வைப்பார்கள். ஹோட்டலில் "உன் கராஃப் தோ" என்று கேட்டால், ஒரு கூஜா தண்ணீர் காசில்லாமல் வரும்.

தெருவோரச் சாம்பல் நிறக் கழிப்பறைகளுக்கு 2006 முதல் காசு இல்லை. ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி, உள்ளே தானாகத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொள்ளும். 'திறந்துதானே இருக்கிறது' என்று முன்னவர் வெளியே வரும்போதே குழந்தையை உள்ளே அனுப்பிவிடாதீர்கள், நனைந்துபோகும். பச்சை விளக்கு வரும்வரை பொறுங்கள்.

சாப்பாட்டுக்கு நேரம் உண்டு. பகலில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. ராத்திரி ஏழு, ஏழரைக்கு மேல். நடுவில் பல ஹோட்டல்களில் அடுப்பே எரியாது. மூன்று மணிக்குக் குழந்தைக்குப் பசித்தால் ரொட்டிக் கடைதான் கை கொடுக்கும். இங்கத்திய பிள்ளைகளுக்கும் நாலரை மணிக்கு 'கூத்தே' என்று ஒரு சிற்றுண்டி வழக்கம் உண்டு. பகெத் என்னும் நீள ரொட்டியில் முக்கியமாக இருப்பது மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். 'த்ரதிஸியோன்' என்று கேட்டு வாங்கினால், 1993 சட்டப்படி எந்தச் சேர்மானமும் போடாமல் செய்தது. பாதி ரொட்டியும் தருவார்கள்.

சைவக்காரர்கள் "ஸான் வியாந்த், ஸான் புவாஸோன்" என்று சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று அர்த்தம். காய்கறி சூப்பில்கூட இறைச்சி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம், கேளுங்கள். க்ரேப் என்னும் மெல்லிய தோசையில் முட்டை உண்டு. இங்கத்திய பழைய ரகச் சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேரும். கண்டிப்பாக இருப்பவர்கள் கவனிக்கவும். சந்தையில் பழத்தை நாமாகத் தொட்டு அமுக்கிப் பார்த்தால் கடைக்காரருக்குப் பிடிக்காது. எது வேண்டும், இன்றைக்கா நாளைக்கா என்று சொன்னால், பதம் பார்த்து அவரே பொறுக்கித் தருவார்.

வழி தவறினால்

பாரிஸ் இருபது வட்டாரங்களாக, நடுவிலிருந்து நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டு போகிறது. தெருமுனையில் உள்ள நீலப் பலகையில் வட்டார எண் இருக்கும். விலாசத்தில் 75005 என்று இருந்தால் ஐந்தாம் வட்டாரம். இன்னொரு சூட்சுமம்: ஸேன் நதியிலிருந்து கிளம்பும் தெருக்களில் வீட்டு நம்பர் ஆற்றங்கரையில் 1 என்று தொடங்கும். நம்பர் குறைந்துகொண்டே வந்தால் ஆற்றை நோக்கிப் போகிறீர்கள். போனில் சார்ஜ் தீர்ந்துபோன ஒரு நாள், இந்தக் கணக்குத்தான் என் தங்கை மகளை ஆற்றங்கரைக்குக் கொண்டு சேர்த்தது.

அந்த எட்டு இடங்கள்

ஈஃபல் கோபுரம்: 1889-ல் கட்டியது, இப்போதைய உயரம் 330 மீட்டர். இரண்டாம் தளத்துக்கு 674 படி. கைக்குழந்தையோடு நினைக்கவே வேண்டாம். எதிரே த்ரோக்காதெரோ மேடையிலிருந்து பார்ப்பதே பிரமாதம்.

நோத்ருதாம் தேவாலயம்: 2019 ஏப்ரலில் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. யாராவது டிக்கெட் விற்றால் ஏமாற்று என்று அர்த்தம்.

லூவர் மியூசியம்: செவ்வாய் விடுமுறை. 18 வயதுக்குள் இலவசம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பெரியவர்களுக்கு 2026 ஜனவரி முதல் 32 யூரோ. முன்பதிவு அவசியம். குழந்தைகளோடு இரண்டு மணி நேரம் போதும்; எகிப்துப் பகுதியை அவர்கள் ரசிப்பார்கள்.

லுக்ஸம்பர்க் தோட்டம்: குளத்தில் பொம்மைப் பாய்மரக் கப்பலை வாடகைக்கு எடுத்து, குச்சியால் தள்ளி விடலாம். பச்சை நாற்காலியில் அம்மாவும் கொஞ்சம் காலை நீட்டலாம்.

தாவரத் தோட்டம்: 1635-ல் ராஜாவின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது. உள்ளே 1794 முதல் சிறிய மிருகக்காட்சிசாலையும் உண்டு.

மோன்மார்த் குன்று: படி ஏறாமல் இழுவை ரயிலில் போங்கள்.

ஸேன் நதிப் படகு: ஒரு மணி நேரம் உட்கார்ந்த இடத்திலேயே ஊரைப் பார்க்கலாம். குழந்தை தூங்கினாலும் பரவாயில்லை.

எட்டாவது, கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்பக்கம் லா ஷப்பேல். நம்மவர் வாயில் லாச்சப்பல்! இலங்கைத் தமிழர்கள் உழைத்து உருவாக்கிய கடைத்தெரு. முருங்கைக்காயும் வடையும் கிடைக்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் வந்தால் மாணிக்க விநாயகர் தேர் பார்க்கலாம். பாரிஸ் நடுத்தெருவில் தேங்காய் உடைப்பார்கள்.

மறுபடியும் அதே கதவு

ஐந்தாம் நாள். நாங்கள் நாலு பேரும் பழைய லைன் ஒன்றில் ஏறினோம். நான் முன்னால், தங்கை மகள் தள்ளுவண்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். பையன் சுவரில் இருந்த பட விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு விநாடி நின்றுவிட்டான். ஊதல். கதவு. கண்ணாடிக்கு வெளியே அந்தச் சின்ன முகம்.

அவள் "ஐயோ!" என்று கதவை அடித்தாள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டாலும், அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்து ஒரு விரலைக் காட்டினேன். "அடுத்த ஸ்டேஷன். அவனுக்குத் தெரியும். நாலு தடவை ஆடியிருக்கோம் இல்லையா?"

இறங்கினோம், ஏறினோம், திரும்பினோம். வண்டியோடு படியேற யாரோ ஒரு பையன் கை கொடுத்தான். போய்ப் பார்த்தால், விட்ட இடத்திலேயே சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறான்! பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு இரண்டு பெண்கள் காவல்.

"பாட்டி, நான் நகரவே இல்லை. வர்றவங்க எல்லாருக்கும் போன்ழூர் சொன்னேன்" என்றான். அதற்கப்புறம்தான் உதடு பிதுங்கி அழுதான். அவன் அம்மாவும் அழுதாள். நானும்தான்.

அன்றைக்கு மியூசியம் போகவில்லை. ரொட்டிக் கடையில் ஒரு பகெத் வாங்கிக்கொண்டு, தோட்டத்தில் போய்க் கப்பல் விட்டோம்.

விமான நிலையத்தில் தங்கை மகள், "பெரியம்மா, எட்டுலே ஆறுதான் பார்த்தேன்" என்றாள்.

"மீதி ரெண்டும் எங்கேயும் ஓடிப் போகாது. அதுங்களும் நகராம நிற்கும்" என்றேன்.

புறப்படுமுன் ஒரு நிமிஷம்

* விசாவுக்கு 30,000 யூரோ அளவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். அதன் பிரதி கைப்பையில் இருக்கட்டும்.

* அவசர உதவிக்கு 112. மருத்துவ உதவிக்கு 15. வீட்டுக்கு வரும் டாக்டரை 3624-ல் கூப்பிடலாம். இதற்குக் கட்டணம் உண்டு.

* வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு. மருந்தின் பொதுப் பெயரை எழுதி வாங்குங்கள்.

* குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரும் தங்கும் விலாசமும் எழுதிய சீட்டு.

* நம் நேரம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி முன்னால். முதல் சில நாள் குழந்தைகள் விடிகாலையில் எழுந்து, சாயங்காலம் ஆறு மணிக்கே துவண்டுவிடுவார்கள். காலையில் சுற்றுங்கள், சாயங்காலம் படுக்கப் போடுங்கள். ஜூன் மாதம் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறதே என்று அலையாதீர்கள்.

* பழகிய காலணி. புதுச் செருப்பு வேண்டாம். கல் பாவிய தெருக்கள்.

* ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். பாலும் பழமும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

* எல்லாவற்றுக்கும் முதலில், வாய் நிறைய ஒரு "போன்ழூர்"!